பிள்ளைகள் கல்லையும் படிக்கட்டும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரே பரபரப்பு. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் தகப்பன்மார் சம்பளத்தில் முன்பணம் வாங்கிப் பாடநூல் வாங்குகிறார்கள். தாய்மார் இரவு சமையல் முடிந்த பிறகு உட்கார்ந்து அட்டை போடுகிறார்கள். கணக்குப் புத்தகத்துக்குத் தனி மரியாதை. ஆங்கிலப் புத்தகத்துக்கு அதைவிடக் கூடுதல் மரியாதை. வரலாற்றுப் புத்தகம் மட்டும் அடியில் போய்ச் சேருகிறது. தேர்வுக்கு முந்தின நாள்தான் அது வெளியே வரும்.

அந்தப் புத்தகத்தில் மொகஞ்சதாரோவுக்குச் சில பக்கங்கள் உண்டு. ஹரப்பாவில் 1921-லும் மொகஞ்சதாரோவில் 1922-லும் அகழ்வாய்வு தொடங்கியது. நேரான தெருக்கள் இருந்தன. கழிவு நீர்க் கால்வாய்கள் இருந்தன. செங்கல் வீடுகள் இருந்தன. பிள்ளை இதை மனப்பாடம் செய்கிறது, எழுதுகிறது, மறுநாளே மறந்துவிடுகிறது. தகப்பனார் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மார்க்?"

இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. கண்ணால் காணாததை, கையால் தொடாததை, எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாததை எந்தப் பிள்ளைதான் நினைவில் வைத்துக்கொள்ளும்?

ஒரு சிறு உதாரணம் போதும். மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கையின் வெண்கலச் சிலையைப் பாடநூலில் பார்க்காத பிள்ளை இல்லை. அந்தச் சிலை எவ்வளவு உயரம் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆள் உயரம் என்பார்கள். கோயில் சிலை அளவு என்பார்கள். உண்மையில் அதன் உயரம் 10.5 சென்டிமீட்டர். நான்கு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். ஒரு கைக்குள் அடங்கிவிடும். அத்தனை சிறிய உருவத்தில் இடுப்பில் ஊன்றிய கையையும், தோள் வரை அடுக்கிய வளையல்களையும், நிமிர்ந்த முகத்தையும் ஒரு தொழிலாளி ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வார்த்தெடுத்திருக்கிறான். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் அதே முறையில்தான் இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் தெய்வத் திருமேனிகளை வார்க்கிறார்கள். இந்த ஒரு செய்தியைச் சொன்னால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். பாடநூலில் ஆண்டும் பெயரும் உண்டு. அந்தத் தொழிலாளியின் கை அதில் இல்லை.

மண்ணைப் படிக்கும் கலை

தொல்லியல் என்றால் புதையல் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொல்லியலாருக்குத் தங்கத்தைவிட உடைந்த பானை ஓடு பெரிது. தங்கத்தை உருக்கி வேறு நகை செய்துவிடலாம். பானை உடைந்தால் அதை எவரும் எடுத்துப் போவதில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும். எந்த மண் அடுக்கில் எந்த வகை ஓடு கிடைக்கிறது என்று பார்த்துத்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று கணக்கிடுகிறார்கள். அடியில் கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. வீட்டு மூலையில் மாதக்கணக்கில் சேர்ந்த பழைய செய்தித்தாள் அடுக்கைக் காட்டினாலே பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த விதி புரிந்துவிடும்.

தாராவிப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. கும்பார்வாடா அவர்களுடைய தெருவை ஒட்டியே இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த குயவர்கள் அங்கே சக்கரம் சுற்றுகிறார்கள். தீபாவளி அகல் வாங்க மட்டும் அங்கே போகிறோம். ஒரு நாள் பிள்ளையை அழைத்துப் போய் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். சக்கரத்தில் களிமண் எழுவதையும், விரல் அழுத்தம் பானையின் உட்புறத்தில் வளையம் வளையமாகத் தடம் பதிப்பதையும் அது பார்க்கட்டும். பிறகு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பழம்பானையின் உள்ளேயும் அதே வளையங்களைக் கண்டால் அந்தப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது. 'இதையும் ஒருத்தர் சக்கரத்தில்தான் செய்திருக்கார்' என்று தானே சொல்லும். ஒரு பாடம் மனத்தில் தங்குவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே மகாராஷ்டிரத்தில் நடந்த இன்னொரு செய்தியும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. அகமத்நகர் மாவட்டம் என்று முன்பு வழங்கிய பகுதியில் தைமாபாத் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டில் அவ்வூர்க்காரர் ஒருவர் மண்ணைத் தோண்டியபோது நான்கு கனத்த வெண்கல உருவங்கள் கிடைத்தன: யானை, காண்டாமிருகம், எருமை, மாடு பூட்டிய வண்டியை ஓட்டும் மனிதன். அவற்றின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அவற்றை முதலில் கண்டெடுத்தது படித்த அறிஞர் கை அன்று, உழைப்பாளி கை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வாசலில் இருக்கும் செல்வம்

"இதற்கெல்லாம் டில்லிக்கும் மதுரைக்கும் போக வேண்டுமே, அதற்குப் பணம் ஏது, லீவு ஏது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் நகரத்தை அவர்களே சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தேரி கிழக்கில் மகாகாளி குகைகள் இருக்கின்றன. ஜோகேஸ்வரியில் ஒரு பெருங்குகைக் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் குடிசைகள். போரிவலியில் மண்டபேஸ்வர் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது கான்ஹேரி.

போரிவலி ஸ்டேஷனில் இறங்கி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் போனால் கான்ஹேரி. பூங்கா வாயிலிலிருந்து குகைகள் சில மைல் உள்ளே இருப்பதால் சிறு பிள்ளைகளோடு நடப்பதைவிட வண்டியில் போவது நல்லது. கரும்பாறை மலையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டையொட்டித் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். படுப்பதற்குக் கல் திண்ணை, கூடி வழிபடுவதற்குத் தூண் வரிசையுள்ள மண்டபம், அதன் முகப்பில் இரு புறமும் ஏறத்தாழ 23 அடி உயரத்தில் நிற்கும் புத்தர்கள்.

இவற்றையெல்லாம்விடப் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டியது ஒன்று அங்கே உண்டு. அது தண்ணீர் ஏற்பாடு. மழைக்காலத்தில் மலைமேல் விழும் தண்ணீர் வீணாகக் கீழே ஓடிவிடாமல், பாறையிலேயே வாய்க்கால் வெட்டி, குகைக்குக் குகை தொட்டி குடைந்து, அதில் சேர்த்து ஆண்டு முழுவதும் குடித்திருக்கிறார்கள். அதிகாலையில் எழுந்து பொதுக்குழாயில் குடம் வைத்து வரிசை பிடிக்கும் தாயின் பிள்ளை இதைப் பார்த்தால் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பங்களாவில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் கல்தொட்டி. குடத்தின் கனம் தெரிந்த பிள்ளைக்கு அது ஓர் ஊரின் உயிர்.

அந்தத் தொட்டிகளையும் குகைகளையும் வெட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அரசர்கள் மட்டும் அல்லர். குகைச் சுவரில் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் விவரம் சொல்கின்றன. கல்யாணிலிருந்தும் சோபாராவிலிருந்தும் நாசிக்கிலிருந்தும் வந்த வணிகர்கள் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண் ஊர்ப் பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி வெட்டக் கொடுத்திருக்கிறார். அதே ஊர்க் கருமான் ஒருவர் பாதை அமைத்துக் கொடுத்திருக்கிறார். இரும்பு அடித்துப் பிழைத்த ஒருவரின் பெயர் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் பாறையில் நிற்கிறது!

அந்தக் கல்யாணும் அந்தச் சோபாராவும் இன்றைக்கும் லோக்கல் ரயில் நிற்கும் ஊர்கள்தாம். சோபாராதான் இன்றைய நாலாசோபாரா. அங்கே அறையெடுத்துத் தங்கிச் சர்ச்கேட்டுக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குமாஸ்தாக்களில் எத்தனை பேருக்குத் தாம் ஏறும் ஸ்டேஷன் ஒரு காலத்தில் கடல் கடந்து வாணிகம் நடத்திய துறைமுகம் என்பது தெரியும்? அங்கே 1882-இல் பகவான்லால் இந்திராஜி என்னும் இந்திய அறிஞர் ஸ்தூபியை அகழ்ந்தார். அசோகரின் பாறைச் சாசனத் துண்டுகளும் அந்தப் பகுதியில் கிடைத்தன.

எழுத்தும் உறவும்

அசோகர் என்றவுடன் 'நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அவருடைய பெரும் பாறைச் சாசனங்கள் பதினான்கில் இரண்டாவதும் பதின்மூன்றாவதும் சோழர், பாண்டியர் பெயரைக் குறிப்பிடுகின்றன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே மகதத்தில் இருந்தவருக்குத் தெற்கே இருந்தவர்களின் பெயர் தெரிந்திருந்தது.

அதைவிட நெருங்கிய உறவு எழுத்தில் இருக்கிறது. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்கிறது. பள்ளியில் மராத்திக்கும் இந்திக்கும் தேவநாகரியைக் கற்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றும், இரட்டைச் சுமை என்றும் எண்ணி அலுத்துக்கொள்கிறது. பிராமி எழுத்தில் 'க' என்பது கூட்டல் குறி போல இருக்கும். ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கூட்டல் குறியிலிருந்து வளைந்து வளைந்து வந்ததுதான் தமிழ்க் 'க'. வேறு விதமாக வளைந்து வந்ததுதான் தேவநாகரிக் 'க'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிராமியை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டிய பிறகுதான் இந்த உறவு உலகுக்குத் தெளிவாயிற்று. கான்ஹேரிச் சுவரில் அந்தக் கூட்டல் குறியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, அதன் பிறகு எந்த எழுத்தும் அந்நியமாகத் தோன்றாது.

மும்பைத் தமிழருக்கு இது வெறும் பள்ளிப் பாடம் அன்று. 1960-களில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கூச்சலைக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 'நீ எந்த ஊர்?' என்ற கேள்விக்குத் தலைகுனிந்து பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஊரும் சொந்தமில்லை, இந்த நகரமும் சொந்தமில்லை என்ற ஒரு குழப்பம். இந்த நகரம் எப்படி உண்டாயிற்று என்பதைக் கல்லே சொல்லட்டும். கான்ஹேரிக்குப் பல ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கொடுத்தார்கள், பெயர் எழுதினார்கள். கி.பி. 1009-லும் 1021-லும் பாரசீக மரபினர் சிலர் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் பஹ்லவி எழுத்தில் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் கையால் எழுந்த இடம் இது. இதைத் தெரிந்த பிள்ளை எவரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. எவர் முன்னும் தலைகுனியவும் வேண்டியதில்லை. (பாரசீகர் எழுதினார்களே என்று பிள்ளைகள் ஆணியை எடுத்துத் தங்கள் பெயரைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு!)

சிற்பத்தைப் பார்க்கக் கற்பிப்பது

ராணி பாக் என்று எல்லோரும் சொல்லும் பைக்குலா மிருகக்காட்சிசாலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இருக்காது. உயிருள்ள மிருகங்களைப் பார்க்க ஓடும் பிள்ளைகள், அங்கே பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கும் கல் யானையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எலிஃபெண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமே அந்த யானைதான். தீவின் கரையில் நின்ற அதைப் போர்த்துகீசியர் கண்டார்கள். தீவுக்கே யானையின் பெயரை வைத்தார்கள். 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது தூக்கும் பொறி முறிந்து யானை விழுந்து உடைந்தது. துண்டுகள் பைக்குலாத் தோட்டத்துக்கு வந்தன; 1914-இல் ஒட்டிச் சேர்த்து நிறுத்தினார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஒட்டிய இடம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பிள்ளை பத்து நிமிஷம் அந்த யானையைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பத்து நிமிஷம்தான் கல்வி.

எலிஃபெண்டாவுக்குப் போகும் குடும்பங்களும் படகு, குரங்கு, ஃபோட்டோ என்று நாளைக் கழித்துத் திரும்பிவிடுகின்றன. குகைக்குள் சுமார் 20 அடி உயரத்தில் மும்முகச் சிவபெருமான் இருக்கிறார். ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். நமது மாமல்லபுரத்துப் பல்லவர் குகைகளுக்கு முந்தியது. அந்த முகங்களின் முன் பிள்ளையை உட்கார வைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எந்த முகம் கோபமாக இருக்கிறது? எது சாந்தமாக இருக்கிறது? தலையில் என்னென்ன அணி இருக்கிறது? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? பிறகு கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, தெரிந்த அளவுக்கு வரையச் சொல்ல வேண்டும். படம் அழகாக வர வேண்டும் என்று அவசியமே இல்லை. வரையும்போதுதான் கண் பார்க்கிறது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தூண் தனியாகச் செய்து நிறுத்தப்படவில்லை. சுற்றியுள்ள பாறையை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் தூண். ஓர் இடத்தில் அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இந்தக் கணக்கு வரலாற்று ஆசிரியரைவிடக் கொத்தனாருக்கு நன்றாகத் தெரியும். கட்டட வேலை செய்யும் தகப்பனார் தம் மகனுக்கு உளித் தடத்தைக் காட்டி, எந்தப் பக்கத்திலிருந்து அடித்திருப்பார்கள், மேலேயிருந்து தொடங்கினார்களா, கீழேயிருந்தா என்று சொல்ல முடியும். பானையைப் பற்றிக் குயவர் சொல்வார். வார்ப்பைப் பற்றிப் பட்டறைக்காரர் சொல்வார். கையால் உழைப்பவனின் அறிவுக்கு முதலிடம் தரும் படிப்பு தொல்லியல்.

இதுதான் இன்று முக்கியம். வீட்டுக்கு வீடு நடக்கும் ஒரு சோகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிள்ளை நாலு எழுத்து இங்கிலீஷ் படித்தவுடன் தகப்பனின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறது. தோல் வேலை, கொத்து வேலை, ஹோட்டல் வேலை என்று சொல்ல நா எழுவதில்லை. 'அப்பா சர்வீஸில் இருக்கிறார்' என்று மழுப்புகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாகரிகத்துக்குச் சாட்சியாக எஞ்சி நிற்பது செங்கல், பானை, மணி, உளித் தடம் ஆகியவைதாம். எல்லாம் தகப்பன் போன்றவர்கள் செய்தவை. இதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதன் பிறகு கூச்சப்படாது.

கீழடியும் ஊர்ப் பெருமையும்

"மற்றவர்கள் குகையைக் காட்டுவானேன், முதலில் நம் கீழடியைக் காட்டுங்கள்" என்பார்கள் சிலர். கீழடியையும் காட்டத்தான் வேண்டும். மதுரைக்கு அருகே அங்கே 2015 முதல் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் நூல் நூற்கும் தக்களிகளும் விளையாட்டுக் காய்களும் கிடைத்தன. 'ஆதன்' போன்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. 2023 மார்ச் மாதம் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கான்ஹேரியில் கருமான் பெயர் பாறையில். கீழடியில் சாதாரண மனிதன் பெயர் பானையில். இரண்டையும் ஒரு பிள்ளை பார்த்துவிட்டால் அதற்கு இந்தியா என்பது என்னவென்று விளங்கிவிடும்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். மே மாத விடுமுறையில் ரயிலேறி ஊருக்குப் போகிறார்கள். கொடை, கல்யாணம் என்று நாள் போய்விடுகிறது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-லேயே ஜெர்மானியர் ஒருவர் வந்து தோண்டிப் பார்த்த இடம். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் கண்டெடுத்த இடம். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது பிள்ளைக்கு அதைக் காட்டாமல் வருவது, வீட்டுக் கிணற்றை மறந்து தாகத்தோடு நடப்பது போல.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்று கைப்பேசியில் வந்து குவியும் பெருமைக் கதைகளைப் பிள்ளைக்கு வரலாறு என்று ஊட்டிவிடக் கூடாது. 'உலகத்துக்கே நாம்தான் எல்லாம் கற்றுக் கொடுத்தோம்' என்று தெற்கே ஒருவர் எழுதுகிறார்; வடக்கே இன்னொருவர் அதையே தம் பெயரில் எழுதுகிறார். இரண்டுக்கும் சான்று கேட்டால் பதில் இல்லை. தொல்லியல் கற்பிக்கும் முதல் பாடமே 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்ற கேள்விதான். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள எழுத்தை இதுவரை எல்லோரும் ஏற்கும்படி எவரும் படித்துக் காட்டவில்லை. அதைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார். பெரியவர்களுக்கும் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கிறது, அதைத் தாம் கண்டுபிடிக்கக் கூடும் என்று அறியும் பிள்ளையின் கண்ணில் வரும் ஒளியை எந்தப் பெருமைக் கதையாலும் கொடுக்க முடியாது.

உண்மையான பெருமைக்குச் சான்று இருக்கிறது. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்மணிகள் குஜராத்தின் லோத்தலில் செய்யப்பட்டன. சிந்துவெளியாரின் சூதுபவள மணிகள் ஈராக்கில் உள்ள ஊர் என்னும் பழைய நகரத்தின் அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து அதே வகைக் கல்மணிகள் கீழடியிலும் கிடைக்கின்றன. ரயிலும் இல்லாத, லாரியும் இல்லாத காலத்தில் ஒரு சிறு கல் அத்தனை தூரம் கை மாறிப் போயிருக்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த தமிழனுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு; பயணம் இந்த மண்ணில் புதிதன்று.

யார் என்ன செய்ய வேண்டும்?

"கல்லைப் பார்த்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் தகப்பனார்களை ஏளனம் செய்ய முடியாது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவரின் கவலை அது. கல்லைப் பார்த்தால் உடனே வேலை கிடைக்காதுதான். ஆனால் உற்றுப் பார்க்கவும், அளக்கவும், கேள்வி கேட்கவும், சான்று இல்லாததை நம்பாமல் இருக்கவும் பழகிய பிள்ளை எந்த வேலையில் தோற்கும்? கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் வேண்டிய குணமும் அதுவேதான். சிந்துவெளிச் செங்கல்லின் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் இருப்பதை ஸ்கேல் வைத்துப் படத்தில் அளந்து கண்ட பிள்ளை விகிதக் கணக்கில் பயப்படாது.

செலவும் பெரிதன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கான்ஹேரிக்குப் போகப் பூங்காவின் கட்டணம், ரயில் டிக்கெட், கட்டிக்கொண்டு போகும் புளிச்சாதம்; ஒரு சினிமாவுக்கு ஆகும் செலவில் குடும்பமே போய் வந்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் கான்ஹேரியும் எலிஃபெண்டாவும் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மும்பையின் பெரிய அருங்காட்சியகம், அதாவது 1922-இல் வேல்ஸ் இளவரசர் பெயரில் திறக்கப்பட்டு இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரைத் தாங்கி நிற்பது, 2015 முதல் ஒரு பேருந்தையே நடமாடும் அருங்காட்சியகமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. கேட்பவர்களுக்குத்தான் எதுவும் கிடைக்கும். மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். மாநகராட்சியும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு தரமாவது ஒரு குகையை, ஓர் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும். அதற்கு மார்க்கும் போட வேண்டும். மார்க் இல்லாத எதையும் நம் பெற்றோர் மதிப்பதில்லை.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொங்கல் விழா நடத்துகிறார்கள், பட்டிமன்றம் நடத்துகிறார்கள், குறள் ஒப்புவிக்கும் போட்டி நடத்துகிறார்கள். எல்லாம் நல்லவை. ஊரிலிருந்து பேச்சாளரை வரவழைக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் நூறு பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ஹேரிக்கு அழைத்துப் போகலாம். உடன் ஓர் ஆசிரியரும், ஒரு கொத்தனாரும், முடிந்தால் கும்பார்வாடாவிலிருந்து ஒரு குயவரும் போகட்டும். ஆசிரியர் கல்வெட்டைப் பற்றிச் சொல்லட்டும். மற்ற இருவரும் கல்லையும் மண்ணையும் பற்றிச் சொல்லட்டும். பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டுப் பையன்களை மட்டும் அனுப்பும் பழக்கம் இதில் வேண்டாம். கான்ஹேரியில் கொடை கொடுத்துப் பெயர் பொறித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மழை நின்று ஆறுதலான வெயில் வரும் மாதங்கள் இதற்கு ஏற்றவை. குகை வாசலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கும் முன், பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பாறைப் படிகளில் ஒரு முறை ஏறி இறங்கட்டும் தகப்பனார். கல்யாண் கருமான் ஒருவர் தம் சம்பாத்தியத்தில் பாதை போட்டது, தமக்குப் பின்னால் வருகிறவர்கள் சுலபமாக நடக்க வேண்டும் என்பதற்காக. அப்படி வருகிறவர்களில் தாராவிப் பிள்ளையும் ஒன்று.